எறிய வேண்டியது பெட்டியை, சிடியை இல்லை



இன்னும் பத்து நாளில் போகி. ஒட்டடை அடிப்பது, பரணைக் காலி செய்வது எல்லாம் பல வீடுகளில் ஆரம்பித்திருக்கும். இரண்டு மூன்று வருடமாக நான் கவனிக்கிறேன், இந்த வேலையில் முதலில் வீட்டை விட்டு வெளியேறுவது சினிமா சிடிகளும் கல்யாண சிடிகளும்தான். "இடத்தை அடைக்குது." "பிளேயரே இல்லை, இது எதுக்கு?" "எல்லாம் யூடியூப்ல இருக்கு." இந்த மூன்று வாக்கியத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. சென்ற வாரம் எங்கள் சம்பந்தி வீட்டிலும் இதே பேச்சு. அங்கே காபியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே மூடத் தேவையில்லை அல்லவா? பதிவு கொஞ்சம் நீளம். எழுத்துக்கூட்டிப் படித்த காலத்தில் உங்களுக்கு இருந்த பொறுமையோடு படியுங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடத்தை அடைப்பது சிடி இல்லை, அது உட்கார்ந்திருக்கும் பெட்டி. பெட்டியை வெளியே போடுங்கள், சிடியை வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கடையில் வாங்கின சினிமா சிடி வேறு, வீடியோக்காரர் ரைட் பண்ணிக் கொடுத்த கல்யாண சிடி வேறு. இரண்டாவது வகைக்கு, இடம் மிச்சம் பிடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஸ்கேலை எடுங்கள். சிடி, டிவிடி, ப்ளூரே எல்லாவற்றுக்கும் குறுக்களவு 12 சென்டிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். நம் டிவிடி பெட்டியின் கனம் 14 மில்லிமீட்டர். உயரம் 19 சென்டிமீட்டர். அதாவது பத்துக்கு மேல் சிடி நிற்கக்கூடிய இடத்தில் ஒரே ஒரு சிடியை உட்கார வைத்திருக்கிறோம். மீதி எல்லாம் பிளாஸ்டிக்கும் காற்றும். வகுப்பறையில் நாலு பேர் உட்காரும் பெஞ்சில் ஒருவனை மட்டும் கால் நீட்டிப் படுக்க விட்ட மாதிரி.

இந்தப் பெரிய பெட்டி சிடிக்காகச் செய்தது இல்லை. கடைக்காக. முன்பு வீடியோ கேசட் அடுக்கியிருந்த அதே தட்டில் நிற்க வேண்டும், நாயகன் முகம் தெரிய வேண்டும், வாங்குபவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். நாம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த நிமிடத்தோடு அதன் வேலை முடிந்தது. நம்பிக்கை இல்லையென்றால் அமெரிக்காவைப் பாருங்கள். இன்று எல்லார் போனிலும் இருக்கிற நெட்ஃபிளிக்ஸ் 1998-இல் டிவிடியைத் தபாலில் அனுப்பும் கம்பெனியாகத்தான் தொடங்கியது. 2023 செப்டம்பர் வரை 25 வருடம் அந்த வேலையைச் செய்தார்கள். 500 கோடிக்கும் மேற்பட்ட டிவிடிகள், பெட்டி இல்லாமல், ஓர் உறையும் தபால் கவரும் மட்டுமாகப் போய்த் திரும்பி வந்தன. தபால்காரர் பையில் பிழைத்த சிடி நம் அலமாரியில் பிழைக்காதா?

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். நம் சாருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, படம் சேர்க்கும் பைத்தியம் உங்களில் பலருக்குத் தெரியும். 2006-க்குப் பிறகு ஊரெல்லாம் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதை ஒட்டி மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. மாதச் சம்பளக்காரர் ஒருவரை இதைவிட எளிதாகக் கெடுக்க முடியாது. கடைசியில் டிவிடி 210, விசிடி படங்கள் 90 என்று வந்து நின்றது. விசிடி ஒன்றில் 74 நிமிடம், மிஞ்சினால் 80 நிமிடம்தான் பிடிக்கும். நம் படங்களோ இரண்டரை மணி நேரம், மூன்று மணி நேரம். அதனால் ஒரு படத்துக்கு இரண்டு அல்லது மூன்று சிடி. அந்த 90 படத்துக்கு மட்டும் 230 சிடி. ஆக மொத்தம் 440.

பெட்டியோடு வரிசையாக நிறுத்தினால், டிவிடிகளுக்கு 2 மீட்டர் 94 சென்டிமீட்டர். விசிடிப் பெட்டிகளைச் சராசரி ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் இன்னும் 90 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட 3.84 மீட்டர். எங்கள் சுவர் அலமாரி மூன்றடி அகலம். நாலு தட்டு முழுக்க நிறைந்து ஐந்தாவது தட்டிலும் ஏறியிருந்தது. பெட்டியை விட்டு உறைக்கு மாற்றிய பிறகு, நூறு சிடி 18 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. 440-ம் சேர்ந்து 80 சென்டிமீட்டர் கூட இல்லை. ஒரே தட்டு. அந்தத் தட்டிலும் ஓரத்தில் என் கண்ணாடிக் கூடு வைக்க இடம் இருக்கிறது.

இதற்கு வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சாருக்கு அட்டைப்படத்தில் உயிர். "கர்ணன் பெட்டியைப் போட்டுட்டு வெறும் தகட்டை வச்சிக்கிறதா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் விரும்புவது பெட்டியை இல்லை, பெட்டிக்கு மேல் சொருகியிருக்கும் தாளை. அந்தத் தாள் சுமார் 27 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம். ஏ4 தாள் போடும் பிளாஸ்டிக் பை ஃபைலில் மடிக்காமல் அப்படியே போகும். ஒரு பைக்கு இரண்டு தாள், முதுகோடு முதுகு. மூன்று ஃபைல் ஆயிற்று. இப்போது அதுதான் எங்கள் வீட்டுப் பட ஆல்பம். பேரன் சோபாவில் படுத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டி "தாத்தா, இது" என்று காட்டுகிறான். முன்பு அலமாரி முன்னால் நின்று கழுத்தைச் சாய்த்துக்கொண்டு முதுகு எழுத்தைப் படித்துக் கொண்டிருந்தோம். சாரும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

பெட்டியையே வைத்துக்கொள்ள வேண்டிய சில உண்டு. யாராவது கையெழுத்துப் போட்டுப் பரிசாகக் கொடுத்தது, உள்ளே புத்தகம் வைத்து வந்த சிறப்புத் தொகுப்பு, என்றாவது விற்கலாம் என்று நினைப்பது. எங்கள் வீட்டில் ஏழு தேறியது. மற்றவை பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவரிடம் போயின. இருபது கிலோவுக்கு மேல் நின்றது. போகித் தீயில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அந்தப் புகையைத் தெருவே மூச்சுவிட வேண்டும்.

பாதி கனமுள்ள மெல்லிய பெட்டி கடையில் கிடைக்கும். 7 மில்லிமீட்டர். காசு கொடுத்துப் பாதி இடம்தான் மிச்சம், எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. புது சிடி ஐம்பது அடுக்கி வரும் உருண்டை டப்பா இருக்கிறதே, நடுவில் கம்பி உள்ளது, அதில் அடுக்குவதுதான் ரொம்பச் சிக்கனம் என்று சிலர் சொல்வார்கள். இடம் மிச்சம்தான், மறுக்கவில்லை. முப்பத்தேழாவது படம் வேண்டுமென்றால் முப்பத்தாறை வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒன்றோடு ஒன்று உரசும். பார்க்காமலே இருக்கப்போகிற சிடிக்கு அது சரி. பார்க்கிறவர்களுக்கு இல்லை. ஜிப் வைத்த சிடி பை பரவாயில்லை, ஆனால் ரெக்சின் நாற்றம் அடிக்கும் பிவிசி பை வேண்டாம். நம் ஊர் வெயிலில் அது பிசுபிசுத்து சிடியில் ஒட்டும். ஒரு பக்கம் மெல்லிய துணி மாதிரித் தாள் வைத்த உறை நூறு நூறாகக் கட்டி விற்கிறார்கள். அது போதும்.

உறையில் போட்டபின் படுக்கவைத்து அடுக்காதீர்கள். புத்தகம் மாதிரி நிமிர்த்தி நிறுத்துங்கள். படுத்தே கிடந்தால் நாளாக நாளாக வளையும். 13 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமுள்ள பிளாஸ்டிக் டப்பா எதுவானாலும் சரி, சாய்ந்து விழாதபடி நிறைவாக இருக்க வேண்டும், நசுங்கும்படி திணிக்கக் கூடாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணும், மேற்கு வெயில் அடிக்கும் சுவரும் ஆகாது. கத்திரி வெயிலில் அந்தப் பரணில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். வரிசை. சார் முதலில் அகர வரிசையில் வைத்திருந்தார். தமிழ் வாத்தியார் வேறு எப்படி வைப்பார்? ஆனால் அகர வரிசை இடத்தை விழுங்கும். புதிதாக ஒரு 'க' படம் வந்தால் எங்கே சொருகுவது? அதற்காக ஒவ்வொரு எழுத்துக்கும் இடைவெளி விட வேண்டும். 'ஔ' வரிசையில் ஔவையார் ஒன்றே ஒன்று, அதற்கும் ஒரு வாசல்.

பள்ளிக்கூடத்தில் நாம் என்ன செய்கிறோம்? வருகைப் பதிவேட்டில் வரிசை எண் வருடா வருடம் மாறும். சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள சேர்க்கை எண் மாறவே மாறாது. பிள்ளை ஒன்றாம் வகுப்பில் வாங்கின எண்தான் டி.சி. வாங்கும்போதும். சிடிக்கும் அதுதான் சரி. வந்த வரிசையில் ஒன்று, இரண்டு என்று எண். அலமாரியில் அந்த எண் வரிசையில்தான் நிற்கும். புதிது வந்தால் கடைசியில் போய் நிற்கும், நடுவில் யாரையும் நகர்த்த வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். ஒரு நீள நோட்டில் எண்ணும் படத்தின் பெயரும். நோட்டின் பின்பக்கத்தில் எழுத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பெயருக்கு எதிரே எண். தேடுவது நோட்டில், எடுப்பது அலமாரியில். மூன்று சிடி உள்ள படத்துக்கு 112-அ, 112-ஆ, 112-இ. யாராவது இரவல் வாங்கிப் போனால் அந்த எண்ணுக்கு நேரே பெயரும் தேதியும். பெயரைப் படித்துக் காட்ட மாட்டேன், பயப்பட வேண்டாம்.

அந்த எண்ணை எங்கே எழுதுவது? உறையில் எழுதுங்கள். சிடியின் மேல் எழுதியே ஆக வேண்டுமென்றால் நடு ஓட்டையைச் சுற்றி ஒளி ஊடுருவும் வளையம் இருக்கிறதே, அதில் சிடி மார்க்கரால். பால்பாயிண்ட் பேனா கூடாது. ஸ்டிக்கரும் கூடாது. பலர் பளபளப்பான அடிப்பக்கத்தைக் கண்ணைப் போல் பாதுகாப்பார்கள், படம் அச்சடித்த மேல்பக்கத்தை மேஜையில் தேய்ப்பார்கள். சிடிக்கும் விசிடிக்கும் உண்மையில் மேல்பக்கம்தான் பூஞ்சை. பதிவு இருக்கும் அலுமினியப் பூச்சு அந்த அச்சுக்கு நேர் கீழே, மேலே ஒரு மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான் காவல். அங்கே ஆழமாகக் கீறினால் படமே உரிந்து வரும். டிவிடியில் பதிவு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் பிழைக்கும்.

துடைக்கும்போதும் ஒரு விஷயம். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும். தட்டைத் துடைப்பது போல் வட்டமாகத் துடைக்கக் கூடாது. கரும்பலகையில் பத்து வரி எழுதியிருக்கிறேன் என்று வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து அழிந்தால் நீங்கள் ஊகித்துப் படித்துவிடுவீர்கள். ஒரு வரி முழுதாக அழிந்தால் எத்தனை கெட்டிக்காரப் பிள்ளையாலும் முடியாது. சிடியில் பதிவு சுருள் சுருளாகச் சுற்றி ஓடுகிறது. குறுக்கே விழுந்த கீறலைப் பிளேயர் ஊகித்துச் சமாளிக்கும். சுற்றோடு விழுந்த கீறல் வரியையே அழித்துவிடும்.

இதுவரை சொன்னது கடையில் வாங்கின சிடிகளுக்கு. அவை தொழிற்சாலையில் அச்சாக அழுத்திச் செய்தவை, நிழலில் வைத்தால் நம்மைவிட அதிக நாள் இருக்கும். வீடியோக்காரர் ரைட் பண்ணிக் கொடுப்பது அப்படி இல்லை. அதில் பதிவு இருப்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் சாயம் வெளுக்கும். சேலை வெளுத்தால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. போட்டுப் பார்க்கும் நாளில்தான் தெரியும்.

என் நாத்தனார் மகள் கல்யாணம் 2004-இல் நடந்தது. மூன்று டிவிடி. எடுத்த ஸ்டுடியோ மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, மூலப் பதிவு எங்கே போனதோ. மூன்றாவது டிவிடியில் என் மாமியார் மணமக்களுக்கு விபூதி பூசிவிட்டு, மாப்பிள்ளையிடம் ஏதோ கேலி சொல்லிச் சிரிப்பார். புகைப்படத்தில் அவர் நிறைய உண்டு. அவர் நடந்து, பேசி, சிரிக்கும் காட்சி எங்கள் குடும்பத்திலேயே அது ஒன்றுதான். போன ஆடி மாதம் போட்டுப் பார்த்தால் பிளேயர் 'நோ டிஸ்க்' என்றது. லேப்டாப்பும் கைவிரித்தது. கீறல் ஒன்று கூட இல்லை. இத்தனைக்கும் அழகான பெட்டிக்குள்தான் இருந்தது, ஆனால் அந்தப் பெட்டி ஜன்னலை ஒட்டின ஷோகேஸில், வெயில் படும்படி, இத்தனை வருடம்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவன் (பெயரைப் போட்டால் கூச்சப்படுவான்) வாங்கிப் போனான். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்குமாம். பழைய மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்றின் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டான். கடைசிப் பன்னிரண்டு நிமிடம் தவிர வந்துவிட்டது. மறுவீட்டுக் காட்சி போயிற்று. மாமியார் கிடைத்துவிட்டார். நாத்தனார் அந்தக் கேலியை முப்பது தடவையாவது கேட்டிருப்பாள்.

அதனால் உறை, எண், நோட்டு எல்லாம் அப்புறம். ரைட் பண்ணின சிடிகளை முதலில் தனியாகப் பிரியுங்கள். பெரும்பாலும் அடிப்பக்கம் லேசான ஊதாவோ பச்சையோ அடிக்கும். அவற்றை இந்த மாதமே நகல் எடுங்கள். லேப்டாப்பில் சிடி போடும் வாய் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் டிரைவ் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வரும், தெருவுக்கு ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். டிவிடி என்றால் உள்ளே 'வீடியோ டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை முழுசாக அப்படியே எடுங்கள். விசிடி என்றால் 'எம்பெக் ஏவி' என்ற ஃபோல்டர். சாதாரண டிவிடி ஒன்றில் 4.7 ஜிபி, ஆக நூறு கல்யாண டிவிடி ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் பாதிக்குள் அடங்கும். இரண்டு நகல், இரண்டு வீட்டில். நகல் எடுத்தாயிற்று என்று சிடியை எறியாதீர்கள். ஹார்ட் டிஸ்க் கை தவறி விழுந்தால் நூறு கல்யாணமும் ஒரே நொடியில் போகும். உறையில் போட்டால் 1.8 மில்லிமீட்டர்தானே, நின்றுவிட்டுப் போகட்டும்.

சினிமா சிடிக்கு என்ன அவசியம், எல்லாம் நெட்டில் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இருப்பது உங்கள் படம் இல்லை, இரவல். அந்தக் கம்பெனிகள் படத்தை இத்தனை வருடம் என்று ஒப்பந்தம் போட்டு வாங்குகின்றன. காலம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள், நம்மைக் கேட்க மாட்டார்கள். மாதச் சந்தா கட்டிக்கொண்டே தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 34 ரூபாய் கொடுத்து வாங்கின டிவிடி யாரையும் கேட்காமல் ஓடும். புதுப் படத்துக்கு நானும் போனைத்தான் பார்க்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. வீடு முழுக்க சிடி நிறைய வேண்டும் என்பதும் என் வாதம் இல்லை. ஒரு தட்டு போதும் என்கிறேன். ஓடுகிற பிளேயர் ஒன்றை மட்டும் அந்தத் தட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு முறை ஓடவிடுங்கள்.

கடைசியாக நம் பள்ளி விஷயம். ஆண்டு விழா சிடிகளில் 2003, 2005, 2006 மூன்றும் என்னிடம் இருந்தன. மூன்றும் நல்லபடியாக நகல் ஆகிவிட்டன. கும்மி ஆடினவர்களும் கட்டபொம்மன் வசனம் பேசினவனும் பென்டிரைவோடு வீட்டுக்கு வாருங்கள், மாலை நாலு மணிக்கு மேல் இருப்பேன். 2004 மட்டும் என்னிடம் இல்லை. அந்த வருடம் எட்டாம் வகுப்பில் இருந்தவர்களில் ஐந்தாறு பேர் வீடியோக்காரரிடம் காசு கொடுத்து வாங்கினீர்கள். வெள்ளைத் தாள் உறை, மேலே பச்சை ஸ்கெட்ச்சில் பள்ளியின் பெயர் எழுதியிருக்கும். அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பெட்டி உடைந்திருந்தாலும் பரவாயில்லை.